ஒரே பாடத்தை மூன்று முறை படித்த பட்டாளம்

தென்காசியில் இருந்து மதுரைக்குப் போகும் பஸ்ஸில் இடது பக்கம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். சீசன் சமயம் என்றால் பஸ்ஸில் பாதிப்பேர் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு தூங்கிக்கொண்டு இருப்பார்கள். கடையநல்லூர், புளியங்குடி தாண்டியதும் வாசுதேவநல்லூர் வரும். அதற்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் நெற்கட்டும்செவல். தூங்குகிறவர்களை எழுப்பி, "இந்த ஊர்க் கோட்டை முன்னால் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளம் திரும்பத் திரும்பத் திணறியது தெரியுமா?" என்று கேட்டால் பூலித்தேவர் பெயரைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே பட்டாளம் ஏன் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்தது என்று கேட்டால் பதில் வராது. பள்ளிக்கூடப் பாடத்தில் வீரம் இருக்கிறது, துரோகம் இருக்கிறது, தூக்குமேடை இருக்கிறது. ஒரு பெரிய படை எப்படிக் கற்றுக்கொள்கிறது, எப்படிக் கற்றுக்கொள்ளாமல் போகிறது என்பது மட்டும் இல்லை.

மேனேஜ்மென்ட் வகுப்பில் "தொடர் மேம்பாடு" என்று ஒரு பாடம் உண்டு. ஜப்பான்காரர்கள் கைசன் என்பார்கள். டொயோட்டா தொழிற்சாலை, சிக்ஸ் சிக்மா என்று பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிற பாடம். அதைத் தொழிற்சாலையை விட்டுவிட்டு ராணுவத்துக்குப் பொருத்திப் பார்த்தால் என்ன ஆகும்? அதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியது இல்லை. தென்காசி மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது.

முதல் முறை: 1755

ஆற்காடு நவாபுக்காக வரி வசூலிக்க கர்னல் ஹெரான் என்ற அதிகாரியின் தலைமையில் கம்பெனிப் படை தெற்கே வந்தது. நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் கூட வந்தார். மதுரை சுலபமாகக் கிடைத்தது. திருநெல்வேலியும் கிடைத்தது. நெற்கட்டும்செவல் மட்டும் கிடைக்கவில்லை. கோட்டைச் சுவரை உடைக்கும் அளவுக்குப் பெரிய பீரங்கி ஹெரானிடம் இல்லை. இருபதாயிரம் ரூபாய் கொடுத்தால் போய்விடுகிறோம் என்று பேரம் பேசிப் பார்த்தார்கள். பூலித்தேவர் கொடுக்க மறுத்துவிட்டார். ஹெரான் வந்த வழியே திரும்பினார். போகும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்களிடம் சரியாக அடி வாங்கினார். பிறகு அவரை ராணுவ விசாரணையில் நிறுத்தி வேலையில் இருந்து நீக்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தோல்விக்குப் பொறுப்பான ஆள் தண்டிக்கப்பட்டார். அதோடு விஷயம் முடிந்ததாக நினைத்தார்கள். ஆனால் "கோட்டையை உடைக்கும் பீரங்கி இல்லாமல் கிளம்பாதே" என்ற பாடம் யாருக்குச் சொல்லப்பட்டது?

இரண்டாம் முறை: 1759

இந்த முறை வந்தவர் யூசுப்கான். ராமநாதபுரம் பக்கம் பனையூரில் பிறந்த தமிழர், கம்பெனியின் சிப்பாய்ப் படைத் தலைவர். சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்டபோது இங்கிருந்து அங்கே போய் அவர்களைத் திணறடித்துவிட்டு வந்தவர். மண்ணும் மக்களும் தெரிந்தவர். முன்பு பூலித்தேவர் பக்கம் இருந்த திருவிதாங்கூர் அரசையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் வடகரையை அடக்கிவிட்டு, 1759 டிசம்பரில் வாசுதேவநல்லூர்க் கோட்டைக்கு முன்னால் நின்றார்.

என்ன நடந்தது? மறுபடியும் அதே கதைதான். முற்றுகைக்கு வேண்டிய பீரங்கியும் வெடிமருந்தும் போதவில்லை. கோட்டைக்குள் இருந்தவர்கள் தாக்குப்பிடிக்க, பூலித்தேவரின் ஆட்கள் மலையடிவாரக் காட்டு வழியாக வந்து முற்றுகையிட்டவர்களையே தாக்கினார்கள். யூசுப்கான் பின்வாங்க வேண்டியதாயிற்று.

ஆனால் யூசுப்கானுக்கும் ஹெரானுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. யூசுப்கான் அங்கேயே இருந்தார். எங்கே தவறு என்று அவருக்குத் தெரிந்தது. அதைத் திருத்திக்கொண்டு மறுபடி வந்தார். 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர் கோட்டைகள் விழுந்தன.

பாடம் கற்றாகிவிட்டது என்றுதானே நினைக்கத் தோன்றும்? கற்றது ஒரு மனிதர். பட்டாளம் அல்ல. அந்த மனிதர் பிறகு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றார். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கில் போட்டார்கள். தென்சீமையின் காடும் கணவாயும் தெரிந்த மூளை அதோடு போயிற்று. சில வருடங்களிலேயே பாளையக்காரர்கள் மறுபடி தலையெடுத்தார்கள். 1767ல் கர்னல் டொனால்ட் கேம்பெல் வந்து அதே வாசுதேவநல்லூர்க் கோட்டையை மறுபடி முதலில் இருந்து பிடிக்க வேண்டியிருந்தது!

மூன்றாம் முறை: 1799, 1801

ஹெரான் திரும்பிப் போய் 44 வருடங்கள். 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். பெரிய பீரங்கிகளுக்கும் கூடுதல் படைக்கும் காத்திருக்கவில்லை. மண்கோட்டைதானே என்ற நினைப்பு. தாக்குதல் தோற்றது. உதவிப்படை வருகிறது என்று தெரிந்ததும் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். அக்டோபர் 16ல் கயத்தாறில் தூக்கு. கோட்டையை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள்.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் இருந்து தப்பினார். துரத்திக்கொண்டு போன கம்பெனிப் படைக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. இடித்த இடத்தில் கோட்டை மறுபடி நின்றது! கல்லை வெட்டிக் கொண்டுவர வேண்டியது இல்லை. மண்ணைக் குழைத்து ஏற்றினால் சுவர். பீரங்கிக் குண்டு பட்டால் கற்சுவர் சிதறும்; மண்சுவர் குண்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். ராத்திரியோடு ராத்திரியாகப் பூசியும் விடலாம். இதைக் கணக்கில் எடுக்காமல் மார்ச் 31ல் மறுபடி தாக்கினார்கள். மறுபடி பலத்த இழப்பு. அதன் பிறகுதான் கர்னல் அக்னியூ பெரிய படையோடும் பீரங்கிகளோடும் வந்து மே 24ல் பிடித்தார்.

1755, 1759, 1799, 1801. தளபதிகள் வேறு வேறு. தவறு ஒன்றே.

அப்படியென்றால் கம்பெனிப் பட்டாளம் எதையுமே கற்றுக்கொள்ளவில்லையா? கற்றுக்கொண்டது. சிறு சிறு கூட்டங்களாக இருந்த சிப்பாய்களை 1758ல் ஒழுங்கான பட்டாலியன்களாக மாற்றினார்கள். இன்றைய மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் பிறப்பை அந்த வருடத்தில் இருந்துதான் கணக்கிடுகிறது. அந்த மாற்றம் நிலைத்துவிட்டது. ஏனென்றால் அது எந்தத் தனி மனிதரின் தலைக்குள்ளும் இல்லை. அது படையின் அமைப்பாகவே ஆகிவிட்டது. யார் வந்தாலும் போனாலும் பட்டாலியன் இருக்கும். பீரங்கிப் பாடமோ ஆளோடு வந்து ஆளோடு போனது.

எதிர்ப்பக்கமும் இதற்கு விலக்கு அல்ல. பாளையக்காரர்கள் கற்றுக்கொள்ளாதவர்கள் இல்லை. ராத்திரித் தாக்குதல், காட்டு வழி, சில நாளில் எழும் கோட்டை எல்லாம் அனுபவத்தில் வந்த கலைதான். ஆனால் ஒவ்வொரு பாளையமும் தனித்தனியாகக் கற்றது. பூலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஒன்று சேர்க்கப் பார்த்தார். அந்தக் கூட்டு அவரோடே போயிற்று. இரண்டு தரப்பும் பாடத்தை ஆளிடம் வைத்திருந்தன. கம்பெனிக்கு நாலு முறை தோற்றுவிட்டு ஐந்தாம் முறை வரப் பணமும் ஆளும் இருந்தது. பாளையக்காரர்களுக்கு ஒரு தோல்விக்கு மேல் தாங்காது. கம்பெனி ஜெயித்ததற்குக் காரணம் அது புத்திசாலி என்பது அல்ல, தவறு செய்ய வசதி இருந்தது என்பதுதான்.

தொழிற்சாலை வேறு, பட்டாளம் வேறு

இங்கே ஒரு கேள்வி வரும். டொயோட்டாவில் சுலபமாக நடப்பது ராணுவத்தில் ஏன் கஷ்டம்?

ஒரு கார் தொழிற்சாலையில் தினமும் கார் வெளியே வருகிறது. காலையில் போட்ட போல்ட் சரியில்லை என்றால் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். அங்கே ஏதாவது தப்பு என்றால் சாதாரணத் தொழிலாளியே கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம். மத்தளம்பாறையில் சாப்ட்வேர் எழுதுகிற பையனுக்கும் அதேதான். பிழையைக் கண்டுபிடித்தால் பதிவு செய்வார்கள், திருத்துவார்கள், அடுத்த நாள் வேலை நடக்கும். பிழையைச் சொன்னவனை யாரும் திட்டுவது இல்லை.

ராணுவம் அப்படி இல்லை. அதன் உண்மையான வேலை இருபது வருடத்துக்கு ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். அது வராமல் இருப்பதுதான் நாட்டுக்கு நல்லது. ஆகவே தவறு உடனே தெரியாது. தெரியும்போது உயிர் போயிருக்கும். அதிகாரிகள் சில வருடத்துக்கு ஒரு முறை மாற்றலாகிப் போவார்கள். எழுதி வைக்காத அனுபவம் அவர்களின் டிரங்குப் பெட்டியோடு போய்விடும். இதற்கு மேல், மேலதிகாரியிடம் "ஐயா, நீங்கள் சொன்ன வழி சரியில்லை" என்று சொல்லும் பழக்கம் சீருடையில் கிடையாது.

வியட்நாமில் அடிபட்ட அமெரிக்க ராணுவம் இதற்கு ஒரு வழி கண்டது. ஆஃப்டர் ஆக்ஷன் ரிவ்யூ என்று பெயர். 1980களில் கலிபோர்னியா பாலைவனத்தில் ஃபோர்ட் இர்வின் என்ற இடத்தில் நடந்த பயிற்சிகளில் இது வேரூன்றியது. பயிற்சி முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து நாலே நாலு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

1. என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம்?
2. உண்மையில் என்ன நடந்தது?
3. ஏன் வித்தியாசம்?
4. அடுத்த முறை எதை மாற்றுவோம்?

"யார் தவறு?" என்ற கேள்வி இந்த நாலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஹெரான் விஷயத்தில் கம்பெனி கேட்டது அந்த இல்லாத ஐந்தாவது கேள்வியை மட்டும்தான்.

நம் ராணுவம் எப்படி?

சுதந்திர இந்தியாவில் இரண்டு போர்களுக்குப் பின் வந்த இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1962 சீனப் போரில் தோற்ற பிறகு ஹெண்டர்சன் புரூக்ஸ், பகத் என்ற இரு அதிகாரிகள் ஆராய்ந்து 1963ல் அறிக்கை கொடுத்தார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் அரசு அதை வெளியிடவில்லை. 2014ல் நெவில் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் ஒரு பகுதியை இணையத்தில் போட்டபோதுதான் ஜனங்கள் பார்த்தார்கள்.

1999 கார்கில் போருக்குப் பின் நடந்தது வேறு. போர் முடிந்த சில நாட்களில், ஜூலை 29ல், கே. சுப்ரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைந்தது. திருச்சியில் பிறந்த தமிழர் அவர். சில மாதங்களில் அறிக்கை தயார். 2000 பிப்ரவரியில் சில பகுதிகள் நீக்கப்பட்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, புத்தகமாகவும் வந்தது. உளவுத் தகவல்கள் ஒன்றுசேரவில்லை, முப்படைகளும் பாதுகாப்பு அமைச்சகமும் தனித்தனித் தீவுகளாக இருக்கின்றன என்று எல்லோரும் படிக்கும்படி எழுதி வைத்தார்கள். ஜெயித்த போரைப் பற்றி இப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும். பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் நாலாவது கேள்வி? அதன் தொடர்ச்சியாக 2001ல் அமைச்சர்கள் குழு முப்படைகளுக்கும் ஒரு தலைமைத் தளபதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பதவியில் முதல் ஆள் வந்து உட்கார்ந்தது 2020 ஜனவரி 1. நடுவில் 19 வருடம்! கார்கில் நடந்தபோது பிறந்த குழந்தை காலேஜ் முடிக்கிற வயதுக்கு வந்துவிட்டது.

இன்னொரு உதாரணம் வேடிக்கையானது. 1889ல் அலகாபாத்தில் வெள்ளைக்காரர்கள் ராணுவத்துக்கு என்று ஒரு மாட்டுப் பண்ணை ஆரம்பித்தார்கள். அன்று நியாயமான காரணம் இருந்தது. சிப்பாய்களுக்கு நல்ல பால் வெளியே கிடைக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 130 பண்ணைகள் வரை இருந்தன. வெண்மைப் புரட்சி வந்தது, ஆவினும் அமுலும் தெருவுக்குத் தெரு வந்தன. பண்ணைகள் மட்டும் நடந்துகொண்டே இருந்தன. 2016ல் அமைந்த ஷேகட்கர் குழு போன்றவை சொல்லி, 2017ல் அரசு முடிவெடுத்து, 2021 மார்ச் 31ல்தான் மூடினார்கள். 132 வருடம்! அங்கே வேலை பார்த்தவர்கள் மோசமாக வேலை பார்த்தார்கள் என்று அர்த்தம் இல்லை. நல்ல கலப்பினப் பசுக்களையே உருவாக்கி இருக்கிறார்கள். "இந்த வேலையைச் சிறப்பாகச் செய்வது எப்படி?" என்று தினமும் கேட்டவர்கள், "இந்த வேலை இனி நமக்குத் தேவையா?" என்று கேட்கவில்லை. தொடர் மேம்பாட்டில் உள்ள பெரிய பொறி இதுதான். வேண்டாத வேலையைக் கூட வருடா வருடம் மேம்படுத்திக்கொண்டே போகலாம்.

மறுப்பும் நியாயமானதே

"சிப்பாய் கேள்வி கேட்க ஆரம்பித்தால் படை என்ன ஆகும்? குண்டு பறக்கும்போது கூட்டம் போட்டுப் பேச முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள். முடியாது. கட்டளை வந்தால் கீழ்ப்படிய வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கட்டளைக்கு முன்பும் பின்பும் நேரம் இருக்கிறது. கபடியில் ரெய்டு போகிறவன் நடுவில் நின்று யோசிக்க மாட்டான். ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது "எப்படிடா மாட்டினே?" என்று பேசாத டீம் அடுத்த ஆட்டத்திலும் அங்கேயேதான் மாட்டும்.

இன்னொரு மறுப்பு ரகசியம். "தவறுகளை எழுதி வைத்தால் எதிரி படிப்பானே?" ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். ஆனால் அடுத்து அந்தப் பதவிக்கு வரும் அதிகாரியாவது படிக்க வேண்டும் அல்லவா? பூட்டி வைத்த அறிக்கையால் எதிரியும் கற்கவில்லை, நாமும் கற்கவில்லை.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. இந்த மாதிரித் திட்டங்கள் வந்தால் கடைசியில் பாரம் நிரப்புவதும் சார்ட் ஒட்டுவதும்தான் மிஞ்சும் என்பது. உண்மைதான். அமெரிக்க ராணுவம் 2000களின் நடுவில் லீன் சிக்ஸ் சிக்மாவைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. டேங்க் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப் போன்ற இடங்களுக்கு அது பொருந்தும். எண்ண முடிந்ததை எல்லாம் எண்ணலாம். "இந்த ஊர்க்காரன் சுவரை ராத்திரியில் பூசிவிடுவான்" என்பது எந்தச் சார்ட்டில் வரும்? பக்கத்தில் நின்று பார்த்த சிப்பாய் சொல்ல வேண்டும். சொல்ல அவனுக்குப் பயம் இருக்கக் கூடாது. அதுதான் அடிப்படை. மற்ற எல்லாம் ஸ்டேஷனரி செலவு.

குற்றாலத்துக்குத் திரும்பினால்

மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் போலீஸ் விசில் அடித்துக் கூட்டத்தை வெளியேற்றும். எந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகி வந்தாலும் இது மாறாது. யாரோ எப்போதோ பார்த்துக் கற்ற பாடம் இன்று ஒரு கல் வளைவின் உயரத்தில் நிற்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்குக் கூடப் புரியும். ஆளின் தலையில் இருந்து பாடத்தை வெளியே எடுத்து வைப்பது என்றால் இதுதான்.

ஆனால் 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. சீசனே ஆரம்பிக்கவில்லை. கோடை விடுமுறைக் கூட்டம் குளித்துக்கொண்டு இருந்தது. மேலே மலையில் பெய்த மழை கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். ஒரு வகுப்பில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்.

அதன் பிறகு சில நாள் குளிக்கத் தடை போட்டார்கள். தடை போடுவது அந்த நாளுக்கு அவசியம், ஆனால் அது பாடம் ஆகாது. யார் டியூட்டியில் இருந்தது என்று விசாரிப்பதும் பாடம் ஆகாது. அது ஹெரானுக்கு நடந்தது. என்ன நடக்க வேண்டும் என்று இருந்தோம், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த முறை எதை மாற்றுவோம் என்ற நாலு கேள்விக்கும் பதிலை எழுதி, அருவிக்கரையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். மேலே மழை அளவு இவ்வளவு ஆனால் கீழே இத்தனை நிமிடத்தில் ஆட்கள் வெளியேற வேண்டும் என்று ஒரு கணக்கு வேண்டும். அது ஒரு நல்ல அதிகாரியின் ஞாபகத்தில் இருந்தால் போதாது. அவர் நாளைக்கே மாற்றலாகிவிடலாம்.

கம்பெனிக்கு நாலு முறை தோற்க வசதி இருந்தது. அருவிக்கரைக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை.